முடிவு தெரிந்த பிறகும் மிரட்டும் ‘சைக்கோ’

கேள்வி: ஆல்ஃபிரட் ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ படத்தில் கொலையாளி யார் என்பது படத்தைப் பார்க்காதவர்களுக்கும் தெரிந்த செய்தியாகிவிட்டது. ஆனாலும் ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் மனம் பதறுவது ஏன்?
– வாசகி ஒருவர், தஞ்சாவூர்

பதில்: புதிரை மட்டுமே நம்பி எடுத்த படமாக இருந்திருந்தால், வெளியான 1960ஆம் ஆண்டோடு அதை மறந்திருப்போம். ஹிட்ச்காக் கை வைத்தது நம்முடைய மனச்சாட்சியில். குளியலறைக் கொலையைப் பற்றித்தான் எல்லோரும் பேசுகிறார்கள். என்னை அதைவிடக் கலங்கடிப்பது அதற்கு அடுத்து வரும் பகுதி. நெடுஞ்சாலையோர விடுதியான மோட்டலை நடத்தும் நார்மன் பேட்ஸ் ரத்தக் கறையைக் கழுவித் தரையைத் துடைத்து, அங்கே தங்க வந்து கொலையான மேரியனின் உடலைக் குளியலறைத் திரையில் சுற்றிக் கார் டிக்கியில் கிடத்துகிறான். அவள் திருடி வந்த 40,000 டாலரும் ஒரு செய்தித்தாளுக்குள் சுருட்டிய நிலையில் அதே டிக்கிக்குள் போய் விழுகிறது. அதில் பணம் இருப்பதே அவனுக்குத் தெரியாது. பெரும்பாலும் வசனமே இல்லாமல் நீளும் இந்த வேலையை, ஒரு பொறுப்பான பிள்ளை வீட்டைச் சுத்தம் செய்வதைப் போல அவன் செய்து முடிப்பதால், நாமும் நம்மை அறியாமல் அவன் பக்கம் சாய்ந்துவிடுகிறோம்.

பிறகு காரைச் சதுப்புக் குட்டைக்குள் தள்ளிவிட்டு, எதையோ கொறித்தபடி கரையில் நிற்கிறான். பாதிக்கு மேல் அமிழ்ந்த கார் திடீரென்று அப்படியே நின்றுவிடுகிறது. அவன் முகத்தில் திகில். ‘ஐயோ, மூழ்க வேண்டுமே’ என்று நம் நெஞ்சும் அடித்துக்கொள்கிறது. சற்று முன்புவரை மேரியன் போலீஸில் சிக்கிவிடக் கூடாது என்று தவித்த நாம், இப்போது அவளுடைய சடலம் யார் கண்ணிலும் படக் கூடாது என்று தவிக்கிறோம். கொலையாளி யார் என்று தெரிந்துகொண்டு பார்ப்பவருக்கு இந்தக் குற்ற உணர்ச்சி குறைவதில்லை, அதிகரிக்கவே செய்கிறது. நார்மனாக நடித்த ஆண்டனி பெர்கின்ஸின் கூச்சமும் திக்கலும் கலந்த நடிப்பு இல்லாவிட்டால் இது கைகூடியிருக்காது.

கேள்வி: குளியலறைக் காட்சியின் அச்சத்துக்கு இசைதானே முதல் காரணம்?
– வாசகர் ஒருவர், மதுரை

பதில்: பெரும் காரணம் என்பதில் எனக்கு ஐயமில்லை. அங்கே இசையே வேண்டாம் என்றுதான் ஹிட்ச்காக் முதலில் நினைத்தார். இசையமைப்பாளர் பெர்னார்ட் ஹெர்மன் அமைத்துக் காட்டியதைக் கேட்ட பிறகே மனம் மாறினார். படம் முழுவதற்கும் ஹெர்மன் பயன்படுத்தியவை வயலின் குடும்பத்துத் தந்தி வாத்தியங்கள் மட்டுமே. அடுத்த முறை பார்க்கும்போது, மேரியன் கொட்டும் மழையில் கார் ஓட்டி வரும் காட்சியில் அவை ஒலிப்பதைக் கவனியுங்கள். அவள் மோட்டலை அடைவதற்கு முன்பே அச்சம் தொடங்கிவிடுகிறது.