டெரியர் எஞ்சின் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

இங்கிலாந்தின் பிரைட்டன் ரயில்வே ஓட்டிய டெரியர் என்ற சிறு நீராவி எஞ்சினைச் சிறந்த வடிவமைப்பு என்று எழுதியிருந்தீர்கள். ஆனால் கடைசி எஞ்சினைக் கட்டி முடித்த இருபது ஆண்டுகளுக்குள் அந்தக் கம்பெனியே அவற்றை விற்கத் தொடங்கிவிட்டது. பிறந்த வேலைக்கே போதாமற்போன எஞ்சினை எப்படிச் சிறந்தது என்பது?

செல்வகுமார்

அன்புள்ள செல்வகுமார்,

விற்றார்கள் என்பது உண்மை. ஆனால் அந்த இருபது ஆண்டுகளில் மாறியது எஞ்சினா, அதற்கு இடப்பட்ட வேலையா என்று பார்க்க வேண்டும்.

1870இல் பிரைட்டன் பணிமனையின் பொறுப்பேற்ற வில்லியம் ஸ்ட்ரவுட்லியின் முன் இருந்தவை லண்டனின் தெற்கு, கிழக்குப் புறநகர்ப் பாதைகள். நிலையங்கள் நெருங்கியிருந்தன, தண்டவாளங்கள் கனமற்றவை. ஒரு பாதை தேம்ஸ் ஆற்றுக்கு அடியில் மார்க் புரூனல் தோண்டிய சுரங்கத்தின் வழியே சென்றது. அடிக்கடி நின்று, சட்டென்று வேகமெடுக்கும் எஞ்சின் அங்கே தேவைப்பட்டது. ஸ்காட்லாந்தின் ஹைலண்ட் ரயில்வேயில் தான் முன்பே வரைந்திருந்த சிறு எஞ்சினை ஒட்டி, 1872 முதல் 1880 வரை 50 டெரியர்களைக் கட்டினார். ஆறு சக்கரங்களும் இணைக்கப்பட்டவை, ஒவ்வொன்றும் 4 அடி விட்டம்; நீரும் கரியும் சுமக்கும் டெண்டர் என்ற தனி வண்டி இல்லாமல் பக்கவாட்டுத் தொட்டிகளில் 500 காலன் நீர்; மொத்த எடை ஏறத்தாழ 24 டன். சிலிண்டரை விட்டு வெளியேறும் நீராவியில் ஒரு பகுதியைத் தொட்டிகளுக்குள் திருப்பி நீரைச் சூடாக்கியதையே நான் அவருடைய சிக்கனத்தின் உச்சம் என்பேன். நீராவியின் விசையால் கொதிகலனுக்குள் நீரைச் செலுத்தும் இன்ஜெக்டர் அந்த வெந்நீரை ஏற்காது என்பதால், கொதிகலனுக்கு அனுப்பப் பம்புகளைப் பொருத்தினார். ஓட்டுநரின் பெயரை அவருடைய எஞ்சினுக்குள்ளேயே எழுதிவைக்கும் வழக்கமும் அவர் காலத்தில் இருந்தது. ஓட்டுநர்கள் எஞ்சினைத் தம்முடையதாகப் பேணியதற்கு அதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

1890களுக்குள் புறநகர் ரயில்களின் எடை, நான்கு சக்கரச் சிறு பெட்டிகளுக்காகக் கணக்கிட்டு உருவான எஞ்சினை மீறிவிட்டது. இதை வடிவமைப்பின் பிழை என்று கொள்ள என்னால் முடியவில்லை. ஏனெனில் லண்டனில் அதற்கு வேலை குறைந்த அதே காலத்தில், 1896ஆம் ஆண்டின் இலகு ரயில்வேச் சட்டத்தால், குறைந்த செலவில் மெல்லிய தண்டவாளமிட்ட நாட்டுப்புறப் பாதைகள் எழுந்தன. அச்சு ஒன்றுக்கு எட்டு டன் அளவே சுமத்தும் எஞ்சின் அவற்றுக்குக் கிடைத்தற்கரியது. முதல் தொகுதியைச் சேர்ந்த பாப்லர் என்ற டெரியர் 1901இல், பின்னாளில் கென்ட், கிழக்கு சசெக்ஸ் ரயில்வே எனப்பட்ட பாதைக்குப் போய் ‘போடியம்’ என்று பெயர் மாறியது. 1898இல் நியூஹேவன் துறைமுகத்துக்கு விற்கப்பட்ட ஃபென்சர்ச் அங்கே பல பத்தாண்டுகள் உழைத்தது. பிரைட்டன் கம்பெனியும் தன்னிடம் எஞ்சியவற்றைக் கைவிடவில்லை. 1911 முதல், ஸ்ட்ரவுட்லியின் பொறுப்பைப் பின்னாளில் வகித்த மார்ஷ் அவற்றில் பலவற்றுக்குப் புதிய கொதிகலன் கொடுத்தார்.

தென் இங்கிலாந்துக் கரையோரத்தின் ஹேலிங் தீவுப் பாதையே இதற்கு மிகத் தெளிவான சான்று. அந்தப் பாதையின் லாங்ஸ்டன் மரப்பாலம் டெரியரைவிடக் கனமான எஞ்சினைத் தாங்காது என்பதால், டீசல் எஞ்சின்கள் பரவிய பின்னரும் கோடைக்காலப் பயணிகளை டெரியர்களே இழுத்தன. பாலத்தைப் புதுப்பிக்கும் செலவுக்கு அஞ்சி 1963 நவம்பரில் பாதையையே மூடினார்கள்; டெரியர்களின் அன்றாடப் பணியும் அத்துடன் முடிந்தது.

பத்து எஞ்சின்கள் இன்றும் இருக்கின்றன. நீங்கள் ஒன்றையாவது நேரில் காண முடிந்தால், யார்க் நகரின் தேசிய ரயில்வே அருங்காட்சியகத்தில் பாக்ஸ்ஹில் என்ற டெரியரைப் பாருங்கள். ஸ்ட்ரவுட்லியின் மஞ்சள் வண்ணத்தில், அவர் வரைந்த உருவத்தில் அது நிற்கிறது.