இலை போட்ட பிறகு எழுப்புவது – கடிதம், பதில்

அன்புள்ள ஐயா,

சோழிங்கநல்லூரில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் டீம் லீடாக இருக்கிறேன். மதியம் சாப்பிட்டுவிட்டு டீ குடிக்கப் போகும்போது எங்கள் குழுவில் எதையாவது பிடித்துக்கொண்டு வாதாடுவது வழக்கம். போன வாரம் மனித உணர்ச்சிகளில் எது வலிமையானது என்று பேச்சு வந்தது. சிலர் அன்பு என்றார்கள். நான் பயத்தின் கட்சி. தெய்வம், அரசு, இன்சூரன்ஸ் எல்லாவற்றையும் மனிதன் பயத்தால்தானே உண்டாக்கினான்? உளவியலாளர் பால் எக்மன் சொன்ன ஆறு அடிப்படை உணர்ச்சிகளிலும் பயம் இருக்கிறது. நம் மரபில் இதற்கு வரிசை ஏதாவது உண்டா?

ஒரு சின்ன விஷயம். அணியில் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண் "அவமானம்தான் சார்" என்றாள். எல்லோரும் சிரித்துவிட்டோம். அதற்கு முந்தின வாரம் மீட்டிங்கில் அவள் செய்த தவறைத் திரையில் போட்டு நான் கொஞ்சம் கிண்டல் செய்திருந்தேன். அவளும் சிரித்தாள்.

எஸ்.

அன்புள்ள எஸ்.,

அந்தப் பெண் சொன்னதுதான் சரி. கேள்விக்குப் பதில் அவ்வளவுதான், இங்கேயே முடித்துக்கொள்ளலாம். ஆனால் நீங்கள் 'ஒரு சின்ன விஷயம்' என்று ஒதுக்கி எழுதியதைத்தான் இந்த முகூர்த்த சீசன் முழுக்க நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். கல்யாண வீட்டுக்குப் போனாலே எனக்கு அந்த யோசனை வந்துவிடும். காரணம் பிறகு.

முதலில் சில்லறைகளைத் தள்ளிவிடுகிறேன். மரபில் வரிசை இல்லை, பட்டியல் உண்டு. தொல்காப்பிய மெய்ப்பாட்டியலில் நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று எட்டு. ஒவ்வொன்றும் பிறக்கும் இடம் நான்கு. எது பெரியது என்று தொல்காப்பியர் பந்தயம் வைக்கவில்லை. எக்மனின் ஆறில் அவமானம் கிடையாது. பிற்பாடு அவரே பட்டியலை நீட்டியபோது உள்ளே வந்தது. டார்வினோ 1872-லேயே, உணர்ச்சிகளைப் பற்றிய தன் புத்தகத்தில் முகம் சிவப்பதற்கென்று ஒரு முழு அத்தியாயம் ஒதுக்கி, மனிதனுக்கே உரிய வெளிப்பாடு அது என்று எழுதிவிட்டார். தெய்வம், அரசு, இன்சூரன்ஸ் வாதத்தை எல்லோரும் ஒரு வயதில் சொல்வோம். விடுங்கள்.

பயத்தைப் பற்றி மட்டும் ஒன்று. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கம் தண்ணீர் அடையாற்றில் இறங்கிய இரவை மொட்டைமாடியில் கழித்தவர்களோடு பேசியிருக்கிறேன். நடுங்கிப் போயிருந்தார்கள், சந்தேகமே இல்லை. ஆனால் இன்று அதைக் கையை ஆட்டி ஆட்டிச் சாகசக் கதைபோலச் சொல்கிறார்கள். மழை எச்சரிக்கை வந்தால் காரைக் கொண்டுபோய் வேளச்சேரி மேம்பாலத்தில் நிறுத்துகிறார்கள், அதைப் பற்றி அவர்களே மீம்ஸ் போட்டுக்கொள்கிறார்கள். தண்ணீர் வடிந்தால் பயமும் வடிந்துவிடுகிறது. அவர்கள் தாண்டிப்போகும் இடம் வேறு. மறுநாள் தெருமுனையில் வேன் வந்து நின்றபோது, சொந்த ஃபிளாட்டும் பென்ஷனும் உள்ள மனிதர்கள் கூட்டத்தில் முண்டிப் பன்னுக்கும் பால் பாக்கெட்டுக்கும் கையை நீட்ட வேண்டியிருந்தது. (நிவாரணப் பொருள்களில் ஸ்டிக்கர் ஒட்டிய கூத்து தனிக் கதை.) கோட்டூர்புரத்தில் ஒரு பெரியவர் வெள்ளத்தைப் பற்றி விடாமல் பேசிக்கொண்டு வந்தவர், அந்த இடம் வந்ததும் "அப்புறம் சாப்பாடெல்லாம் வந்துது" என்று முடித்துக்கொண்டார்.

உங்களுக்கு ஆராய்ச்சி என்றால்தான் நம்பிக்கை வரும் என்பதால் இதையும் சொல்கிறேன். ஜெர்மனியின் ட்ரியர் பல்கலைக்கழகத்துக்காரர்கள் 1993-இல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஓர் ஆளைச் சிலர் முன்னால் நிறுத்திப் பேசச் சொல்வார்கள். எதிரே இருப்பவர்கள் முகத்தில் எதையும் காட்ட மாட்டார்கள். அப்புறம் 1022-இலிருந்து பதின்மூன்று பதின்மூன்றாகக் கழிக்கச் சொல்வார்கள். தப்பு வந்தால் மறுபடி 1022-இலிருந்து. நம் ஊர்க் கணக்கு வகுப்பு, வேறொன்றுமில்லை! 2004-இல் இரண்டு உளவியலாளர்கள் இதைப் போன்ற 208 ஆய்வுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தார்கள். பிறர் தன்னை எடைபோடுகிறார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்ற நிலை இரண்டும் சேர்ந்தபோதுதான் கார்டிசால் என்ற மனஅழுத்த ஹார்மோனின் சுரப்பு மிக அதிகமாக ஏறியிருந்தது. இறங்க அதிக நேரம் பிடித்ததும் அப்போதுதான்.

ஆய்வகத்தில் அது எப்படியும் இறங்கிவிடுகிறது. வீடுகளில் அப்படி இல்லை.

என் அப்பா பெரம்பூரில் ஒரு பட்டறையில் ஃபிட்டர். தூரத்துச் சொந்தத்தில் ஒரு கல்யாணம், நுங்கம்பாக்கத்தில் மண்டபம். அவர்கள் அதற்குள் வசதியாகிவிட்டிருந்தார்கள். நான் நான்காவது படித்துக்கொண்டிருந்தேன். முதல் பந்தியில் உட்கார்ந்துவிட்டோம். இலை போட்டு, தண்ணீர் தெளித்து, உப்பு, ஊறுகாய், ஜாங்கிரி வரைக்கும் வந்துவிட்டது. அப்போது பந்தி விசாரிக்கிறவர் ஒருவர் வந்து அப்பாவின் காதுக்கருகே குனிந்தார். காதில் சொல்வதுபோலக் குனிந்தாரே தவிர அந்த வரிசைக்கே கேட்டது. "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க அவசரமா கிளம்பணுமாம். நீங்க அடுத்த பந்தியில உக்காந்துக்கங்க." அப்பா எழுந்தார், நாங்களும் எழுந்தோம். நேராகக் கைகழுவும் இடத்துக்குப் போய், எதையும் தொடாத கையை நன்றாகத் தேய்த்துக் கழுவினார். அடுத்த பந்திக்கு நிற்கவில்லை. மொய்யை எழுதிவிட்டு 29சி பிடித்தோம். பஸ்ஸில் அம்மாவிடம், "எனக்கு முதல் பந்தி ஒத்துக்காது போல" என்று சொல்லிச் சிரித்தார். எனக்கு அன்று இருந்த துக்கமெல்லாம் அந்த ஜாங்கிரிக்காகத்தான்.

அதை அவர் கடைசி வரை தமாஷாகத்தான் சொன்னார். அவருக்கு நடிக்கத் தெரியும். ஆனால் அதற்குப் பிறகு எந்தக் கல்யாணத்திலும் அவர் பந்தியில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. மொய் வைப்பார், வாழ்த்துவார், வீட்டுக்கு வந்து மோர்சாதம் சாப்பிடுவார். கேட்டால் வயிறு சரியில்லை. அம்மாவுக்குத் தெரியும், எதுவும் கேட்காமல் சோறு வடித்து வைத்துவிட்டுத்தான் கல்யாணத்துக்கே கிளம்புவாள்.

என் கல்யாணத்தில் அவர் மேடையில் நின்ற நேரம் குறைவு. சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு சாப்பாட்டு ஹாலிலேயே இருந்தார். மணமக்களின் பக்கத்தில் பெற்றோர் நிற்க வேண்டிய படங்களில் பாதியில் அவர் இல்லை. போட்டோகிராபர் தேடி அலுத்துவிட்டார். சமையல் காண்ட்ராக்டரின் ஆள் ஒருவர் யாரோ ஒரு கிழவரை எழுப்பக் குனிந்தபோது அப்பா குரலை உயர்த்தியதை அன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்டேன். "இலை போட்டாச்சில்ல? சாப்பிட்டுத்தான் எழுந்திருப்பாங்க. யாரா இருந்தாலும் நிக்கச் சொல்லு." பெண் வீட்டுக்காரர்கள் ஒருமாதிரி பார்த்தார்கள். அவர் கவலைப்படவில்லை.

பயத்துக்கு இத்தனை வருட ஆயுள் உண்டா, சொல்லுங்கள். கோபத்துக்கு உண்டா? அன்று இலையிலிருந்து எழுப்பிய மனிதர்மேல் அப்பாவுக்குக் கோபம்கூட இல்லை, தெருவில் பார்த்தால் பேசுவார். நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் மறுபடி முழுசாக நடக்கிற ஒரே உணர்ச்சி இதுதான்.

பந்தி வெறும் சாப்பாட்டு விஷயம் இல்லை என்று தமிழ்நாட்டுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வ.வே.சு. ஐயரின் சேரன்மாதேவி குருகுலத்தில் இரண்டு பிராமணப் பிள்ளைகளுக்குத் தனியாகச் சாப்பாடு போட்டதில் ஆரம்பித்த சண்டை தமிழ்நாட்டுக் காங்கிரஸையே உலுக்கியது. 1925-இல் பெரியார் அந்தக் கட்சியிலிருந்து வெளியேறியதற்குப் பின்னால் அதுவும் ஒரு காரணம். 1957-இல் திருவல்லிக்கேணியில் 'பிராமணாள்' என்று போர்டு வைத்திருந்த ஓட்டலின் முன்னால் மாதக்கணக்கில் மறியல் நடந்தது, நூற்றுக்கணக்கானவர்கள் கைதானார்கள். உள்ளே போனால் எல்லோருக்கும்தான் காபி கிடைத்தது, பிறகு எதற்கு இந்த ஆர்ப்பாட்டம் என்று இன்றும் கேட்கிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களை யாரும் இலையிலிருந்து எழுப்பியதில்லை போலிருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நான் அவமானத்துக்கு ஆரத்தி எடுப்பதாக நினைப்பீர்கள். மயிர்நீப்பின் வாழாக் கவரிமாவைப் பள்ளி மேடைகளில் முழங்குகிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வருகிறது. சேர மன்னன் கணைக்கால் இரும்பொறை சிறையில் தாமதமாக வந்த தண்ணீரைக் குடிக்காமல் இறந்தான் என்பது புறநானூற்றில் பெரிய கவிதை, 74-ஆம் பாட்டு. பெரிய கவிதை என்பதற்காகப் பதினேழு வயதுப் பிள்ளைக்கு அதை வாழ்க்கை முறையாகச் சொல்லித்தர வேண்டுமா? ரிசல்ட் நாளன்று ஒரு பிள்ளையை வதைப்பது போன மார்க் இல்லை, பக்கத்து வீடு என்ன கேட்கும் என்பதுதான். இப்போது தோற்றவர்களுக்கு உடனேயே துணைத்தேர்வு வைக்கிறார்களே, ஒரு வருடம் மிச்சம் என்பதைவிட, ஜூனியரோடு உட்கார வேண்டியதில்லை என்பதுதான் அதில் பெரிய நல்லது. சென்னையில் 1986-இலிருந்து ஸ்நேகா அமைப்பு தற்கொலை எண்ணத்தில் தவிப்பவர்களின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. கேட்பது மட்டும்தான், புத்தி சொல்வதில்லை. நம் குடும்பங்களில் யாருக்கும் வராத வித்தை அது.

சரி, உங்களுக்கு வருகிறேன். 'அவளும் சிரித்தாள்' என்று எழுதி நிம்மதியாக முற்றுப்புள்ளி வைத்திருக்கிறீர்கள். வேறென்ன செய்வாள்? நீங்கள் அவளுடைய அப்ரைசலை எழுதுகிறவர். அவள் தன் பதிலை எத்தனை பேர் எதிரில், யார் முகத்துக்கு நேரே சொன்னாள் என்று கவனித்தீர்களா? உங்கள் குழுவிலேயே தைரியசாலி அவள்தான். நீங்களோ பயத்துக்கும் அன்புக்கும் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருந்தீர்கள்.

நீங்கள் கெட்டவர் இல்லை. கெட்டவராக இருந்தால் அந்த இரண்டு வரியை எனக்கு எழுதியிருக்க மாட்டீர்கள். அது உங்களை உறுத்துகிறது, கேள்வியைச் சாக்காக வைத்து அதைத்தான் அனுப்பியிருக்கிறீர்கள். எனக்குச் சொல்லி என்ன பயன்? டீக்கடையில் தனியாகக் கூப்பிட்டு 'ஸாரிம்மா' என்று முடித்துக்கொள்ளலாம் என்று தோன்றும். வேண்டாம். அதே மீட்டிங்கில், அதே ஆட்கள் எதிரில் சொல்லுங்கள். "அன்னைக்குத் திரையில போட்டுக் கிண்டல் பண்ணினது என் தப்பு, தனியாச் சொல்லியிருக்கணும்." இவ்வளவு போதும். நீட்டினால் அவளை இரண்டாவது முறை எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்கள். சொல்லிவிட்டு அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் அன்றைய வேலையைப் பேச ஆரம்பித்துவிடுங்கள்.

அன்புடன்.