கத்தரிக்கோலை எடுத்தது ஏன்?

கேள்வி: மட்டக்களப்பில் இருந்து 1990இல் வெளிக்கிட்டு, இப்போது பாரிஸுக்குப் பக்கத்தில் கணவரோடு இருக்கிறேன். ஒரே மகன் லாவோஸ் குடும்பத்துப் பெண்ணை விரும்பிக் கட்டினான். நாங்கள்தான் பெண் வீட்டுக்குப் பணம் கொடுத்தோம். கல்யாணம் முடிந்ததும் அவர்கள் வீட்டோடு போய்விட்டான். மருமகள் கடைக்குட்டியாம், தாய் தகப்பனை விட்டு வர முடியாதாம். எதைக் கேட்டாலும் சிரித்துக்கொண்டு 'போ பென் ஞாங்' என்பாள். ஆறு வாரத்துக்கு முன் எனக்குப் பித்தப்பை ஆபரேஷன். அவளுடைய அம்மம்மா உட்பட எல்லோரும் வந்து, பூ அடுக்கி, ஏதோ ஓதி, கை நிறைய நூல் கட்டிவிட்டுப் போனார்கள். பாத்திரம் கழுவ இடைஞ்சலாக இருந்ததால் அன்றிரவே வெட்டிப் போட்டேன். மறுநாள் கஞ்சி கொண்டுவந்த மருமகள் அதன் பிறகு இந்தப் பக்கமே வரவில்லை. மகனும் போனில் மட்டும்தான். அவனை எப்படி எங்களிடம் திரும்ப வரவைப்பது?

பதில்: அதற்கு நான் வழி சொல்லப் போவதில்லை, சகோதரி. மகன் மாமியார் வீட்டோடு போய்விட்டான் என்று எழுதும் தாய்மார் பலர். ஆனால் மட்டக்களப்புக்காரி நீங்கள் அதை எழுதலாமா? உங்கள் ஊரில் வீடு மகளுக்கு, மாப்பிள்ளைதான் அங்கே வந்து சேர வேண்டும். லாவோஸிலும் அதேதான். மாப்பிள்ளை பெண் வீட்டுக்குப் போவான், கடைசி மகள் பெற்றோரோடு இருந்து அவர்களைக் கடைசிவரை பார்ப்பாள், வீடும் பெரும்பாலும் அவளுக்கே. நீங்கள் கொடுத்த பணத்தை அவர்கள் 'கா தோங்' என்பார்கள். சீதனம் வாங்கியவர்களை இந்தப் பக்கத்தில் எத்தனையோ தடவை திட்டியிருக்கிறேன். பெண்ணை வளர்த்தவர்களுக்குக் கொடுத்ததை ஒரு குறையாக எடுக்க என்னால் முடியாது.

சரி, நூலுக்கு வருவோம். கடிதம் முழுக்க மகனைப் பற்றி எழுதிவிட்டு அதை ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள்.

அன்று உங்கள் வீட்டில் நடந்ததன் பெயர் 'சூ குவன்'. குவன் என்றால் உடம்பைக் காக்கும் உயிர். மனித உடம்பில் அப்படி 32 குவன்கள் இருக்கின்றன என்பது அவர்கள் நம்பிக்கை. பயந்தால், நோய் வந்தால், உடம்பில் கத்தி பட்டால், தூர தேசம் போனால் அவை உடம்பை விட்டு அலையப் போய்விடுமாம். வாழை இலையைக் கூம்பாகச் சுருட்டி, செவ்வந்தி செருகி, வெள்ளை நூல் தொங்கவிட்டு அவற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்கள். வா, வீட்டுக்கு வா என்று. அந்த அம்மம்மா நூலால் உங்கள் மணிக்கட்டை முதலில் வெளிப்பக்கமாகத் தடவியிருப்பார், கெட்டது போக. பிறகு உள்பக்கமாக, நல்லது வர. அப்புறம்தான் முடிச்சு. கட்டும்போது பக்கத்தில் இருந்தவர்கள் உங்கள் முழங்கையையோ தோளையோ தொட்டுக்கொண்டு இருந்திருப்பார்கள். கல்யாணத்தன்று உங்கள் மகன் கையிலும் இதே நூலைத்தான் கட்டினார்கள்.

அந்த நூல் குறைந்தது மூன்று நாள் கையில் இருக்க வேண்டும். வெட்டக் கூடாது, முடிச்சை அவிழ்க்க வேண்டும். உங்களுக்கு இது தெரியாது என்று நான் விட்டுவிடலாம். விடமாட்டேன். அம்மன் சடங்கில் கட்டிய காப்பைப் பாத்திரம் கழுவுவதற்காகக் கத்தரிக்கோலால் வெட்டுவீர்களா? கையில் நூல் கட்டினால் என்ன அர்த்தம் என்று உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அது அவர்களுடைய நூல் என்பதால்தான் கத்தரிக்கோல் அவ்வளவு சுலபமாகக் கைக்கு வந்தது.

மறுநாள் கஞ்சிப் பாத்திரத்தை உங்களிடம் நீட்டியபோது அந்தப் பிள்ளையின் கண் எங்கே போயிருக்கும்? வெறும் மணிக்கட்டுக்குத்தான். அன்றும் சிரித்திருப்பாள். 'போ பென் ஞாங்' என்றால் பரவாயில்லை, ஒன்றுமில்லை என்று அர்த்தம். கோபத்தை முகத்தில் காட்டுவதும் குரலை உயர்த்துவதும் அவர்கள் வளர்ப்பில் வெட்கக்கேடு. மாமியாரை நேருக்கு நேர் கேட்டு உங்களைக் கூச வைக்க அவளுக்கு மனம் வராது. வராமல் இருப்பதுதான் அவளால் முடிந்த பேச்சு. ஆறு வாரமாகப் பேசிக்கொண்டுதான் இருக்கிறாள்.

இன்னொன்று. 1975இல் லாவோஸில் ஆட்சி மாறியபோது இலட்சக்கணக்கானவர்கள் மெக்கோங் ஆற்றைக் கடந்து தாய்லாந்து முகாம்களுக்குப் போனார்கள். பலர் இரவில், படகிலும் நீந்தியும். பிரான்ஸுக்கு வந்த லாவோஸ் குடும்பங்களில் பல அப்படி வந்தவைதான். அந்த அம்மம்மா எப்படி வந்தார் என்று ஒரு நாளாவது கேட்டீர்களா? 1990இல் மட்டக்களப்பை விட்டு வந்தவர் நீங்கள். அந்தப் பயத்தில் உங்களை விட்டுப் போனவை எத்தனையோ. அவற்றைக் கூப்பிட உங்கள் சொந்தத்தில் யார் வந்தார்கள்? அந்தக் கிழவி வந்தார்.

அதனால் நீங்கள்தான் போக வேண்டும். மூத்தவள் முதலில் இறங்கிப் போவது குடும்பக் கடமை, இதில் எனக்கு மாற்றுக் கருத்தே கிடையாது. சித்திரை வரட்டும் என்று தள்ளிப்போடாதீர்கள். அவர்களுக்கும் ஏப்ரல் நடுவில்தான் புதுவருடம். பெரியவர்களின் கையில் வாசனைத் தண்ணீர் ஊற்றி மன்னிப்புக் கேட்பார்கள். அன்றைக்கு அதையும் செய்யுங்கள், ஆனால் இந்த ஞாயிற்றுக்கிழமையே போங்கள்.

வாசலில் செருப்பைக் கழற்றுங்கள். அம்மம்மாவைத் தாண்டிப் போகும்போது தலையைத் தாழ்த்திப் போங்கள். முதலில் சாப்பிட்டாயா என்றுதான் கேட்பார்கள், நம்மைப் போலவே. இல்லை என்று சொல்லி உட்காருங்கள். பிசுபிசுச் சோற்றை மூங்கில் கூடையில் இருந்து கையால் எடுத்து உருட்டிச் சாப்பிடுங்கள், முடிந்ததும் கூடை மூடியை மறக்காமல் மூடுங்கள், திறந்து விடுவது ஆகாது. பிறகு நூலை வெட்டியதைச் சொல்லுங்கள். பாத்திரம், ஆபரேஷன் எதையும் சாக்காகச் சொல்லாதீர்கள். கையை நீட்டி, திரும்பக் கட்டிவிடுங்கள் என்று கேளுங்கள். மகனைப் பற்றி அன்று ஒரு வார்த்தையும் வேண்டாம்.

மூன்று நாள் கழித்து முடிச்சை விரலால் அவிழ்த்து எடுங்கள். அதுவரை பாத்திரத்தை உங்கள் கணவர் கழுவட்டும்.