அப்டேட் ஆனதும் பிரவுசர் முரண்டு பிடிக்கிறதா?

கேள்வி: நான் ஒரு நிறுவனத்தில் கணக்கு எழுதுகிறேன். பிரவுசர் தானாக அப்டேட் ஆன நாளிலிருந்து வங்கித் தளம் பாதியில் நின்றுவிடுகிறது. பில் போடும் தளத்தில் 'சேமி' பொத்தானை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை. மற்ற தளங்கள் ஒழுங்காகத்தான் இருக்கின்றன. பிரவுசரை நீக்கிவிட்டுப் புதிதாகப் போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: தயவுசெய்து இப்போதைக்கு வேண்டாம். உங்கள் புக்மார்க், பாஸ்வேர்டு, எக்ஸ்டென்ஷன் (பிரவுசரோடு சேர்த்துக்கொள்ளும் சின்ன நிரல்), அமைப்புகள் எல்லாம் புரொஃபைல் என்ற தனி ஃபோல்டரில் இருக்கின்றன. பிரவுசரை நீக்கினாலும் அந்த ஃபோல்டர் அப்படியே இருக்கும். மறுபடி நிறுவியதும் அதே புரொஃபைல், அதே எக்ஸ்டென்ஷன், அதே கோளாறு. சட்டையை மாற்றினால் காய்ச்சல் போகுமா? குரோமை நீக்கும்போது 'உலாவல் தரவையும் நீக்கவா?' என்று ஒரு சின்னக் கட்டம் வரும். அதில் டிக் போட்டால் புரொஃபைலும் சேர்ந்து போய்விடும். எனக்குத் தெரிந்த ஓர் ஆசிரியை அப்படித்தான் டிக் போட்டார். தரவை இணையக் கணக்கிலும் சேமித்து வைக்கும் சிங்க் வசதியை அவர் ஆன் செய்திருக்கவில்லை. சேமித்து வைத்த பாஸ்வேர்டு ஒன்றுகூட மிஞ்சவில்லை. அதனால்தான் இதில் இவ்வளவு அழுத்தமாகச் சொல்கிறேன்.

'மற்ற தளங்கள் ஒழுங்காக இருக்கின்றன' என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியில் பாதி விடை இருக்கிறது. பிரவுசரே பழுதாகியிருந்தால் எல்லாத் தளங்களும் தடுமாறும். இரண்டே தளங்கள் தடுமாறுகின்றன என்றால், அந்தப் பக்கங்களுக்குள் வேறு ஏதோ கைவைக்கிறது, அல்லது அந்தத் தளங்களைப் பற்றி பிரவுசர் சேமித்து வைத்திருக்கும் பழைய தகவல் இடிக்கிறது.

முதலில் அதே தளத்தை இன்காக்னிட்டோ சாளரத்தில் திறந்து பாருங்கள். அங்கே நீங்களாக அனுமதி தந்திருந்தால் ஒழிய எக்ஸ்டென்ஷன்கள் ஓடாது, தளங்கள் பிரவுசரில் போட்டு வைக்கும் குறிப்புகளான பழைய குக்கிகளும் இருக்காது. அங்கே 'சேமி' வேலை செய்தால் பிரவுசர்மீது குற்றமில்லை. சந்தேகம் இரண்டு பேர்மீதுதான்: குக்கி, எக்ஸ்டென்ஷன்.

குக்கியை முதலில் பாருங்கள், அது சுலபம். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால் அந்த ஒரு தளத்தின் தரவை மட்டும் நீக்கும் வழி இருக்கும். மொத்த வரலாற்றையும் துடைக்க வேண்டியதில்லை. நீக்கியதும் தளம் உங்களை வெளியேற்றிவிடும். பாஸ்வேர்டையும் ஓடிபி வரும் போனையும் கையில் வைத்துக்கொண்டு செய்யுங்கள்.

அப்படியும் சரியாகவில்லை என்றால் எக்ஸ்டென்ஷன்தான். பலரும் ஒவ்வொன்றாக அணைத்துப் பார்த்துச் சோர்ந்துவிடுகிறார்கள். பாதியை அணையுங்கள். பக்கத்தை ரீலோட் செய்யுங்கள். ரீலோட் செய்யாவிட்டால் அணைத்த எக்ஸ்டென்ஷனின் வேலை அந்தப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டே இருக்கும். கோளாறு போய்விட்டால் அணைத்த பாதியில் ஆள் இருக்கிறது, போகவில்லை என்றால் மீதிப் பாதியில். அந்தப் பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 16 எக்ஸ்டென்ஷன் இருந்தாலும் 4 சுற்றில் அகப்பட்டுவிடும்.

சில சமயம் எந்தப் பாதியை அணைத்தாலும் தளம் வேலை செய்யும், எல்லாவற்றையும் ஆன் செய்தால் மட்டும் கெடும். அப்போது குழம்ப வேண்டாம். தனியாக எதுவும் கெட்டதில்லை, இரண்டு சேர்ந்து மோதுகின்றன என்று அர்த்தம். ஒரே வேலையைச் செய்யும் ஜோடியைத் தேடுங்கள்: இரண்டு விளம்பரத் தடுப்பான்கள், அல்லது ஒரே கட்டத்தை நிரப்பப் போட்டியிடும் இரண்டு பாஸ்வேர்டு மேனேஜர்கள். ஒன்று போதும்.

ஆள் அகப்பட்டதும் எக்ஸ்டென்ஷனைத் தூக்கி எறிய வேண்டுமா? அவசியமில்லை. விளம்பரத் தடுப்பானில் அந்தத் தளத்துக்கு மட்டும் விலக்குக் கொடுக்கலாம். குரோமில் ஒவ்வொரு எக்ஸ்டென்ஷனுக்கும் 'கிளிக் செய்தால் மட்டும்' என்று தள அணுகலைக் குறைக்கலாம். இதை வங்கிக்காகவாவது செய்யுங்கள். தள்ளுபடி கூப்பன் தேடும் எக்ஸ்டென்ஷன் உங்கள் வங்கிப் பக்கத்தைப் படிக்க எந்த நியாயமும் இல்லை.

ஃபயர்பாக்ஸ் என்றால் ஷிப்ட் விசையை அழுத்திக்கொண்டே திறந்தால் டிரபிள்ஷூட் மோட் கேட்கும். அதில் எக்ஸ்டென்ஷன்கள் தற்காலிகமாக அணையும், எதுவும் அழியாது. பக்கத்திலேயே 'ரிஃப்ரெஷ்' என்று இன்னொரு பொத்தானும் இருக்கும், அதை அவசரப்பட்டு அழுத்தாதீர்கள். அது எக்ஸ்டென்ஷன்களை நீக்கிவிடும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் தப்பிக்கும், பழைய தரவும் ஒரு ஃபோல்டராக டெஸ்க்டாப்பில் வந்து உட்காரும். ஆனாலும் அது கடைசி மருந்து.

கேள்வி: பல வருடமாகப் பயன்படுத்திய விளம்பரத் தடுப்பானை 'இனி ஆதரவு இல்லை' என்று குரோம் அணைத்துவிட்டது. ஆன் செய்ய முடியவில்லை. பழைய பதிப்புக்கே திரும்பிவிடலாமா?

பதில்: உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உங்கள் கணினியில் பழுது எதுவும் இல்லை. எக்ஸ்டென்ஷன்களுக்கான விதிமுறையையே கூகுள் மாற்றிவிட்டது. மேனிஃபெஸ்ட் வி2 என்ற பழைய முறையில் எழுதியவற்றை 2024 கடைசியிலிருந்து படிப்படியாக அணைத்து, 2025-ல் அந்தக் கதவை மூடிவிட்டார்கள். பழைய முறையில், பக்கம் கேட்கும் ஒவ்வொரு கோப்பையும் எக்ஸ்டென்ஷனே வழிமறித்து, விடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்கும். அதற்குப் பதிலாக வந்த வி3 முறையில் அது விதிகளின் பட்டியலை பிரவுசரிடம் முன்கூட்டியே கொடுத்துவிட வேண்டும், தடுக்கும் வேலையை பிரவுசர் செய்யும். பாதுகாப்பும் வேகமும் கூடும் என்பது கூகுளின் வாதம். தடுப்பானின் கையைக் கட்டிவிட்டார்கள் என்பது அதை எழுதியவர்களின் வாதம். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் நஷ்டம் பயனருக்கு என்றுதான் நான் நினைக்கிறேன்.

இது புதிதும் அல்ல. 2015 செப்டம்பரில் குரோம் 45 பழைய பிளக்இன் முறையை அடியோடு நீக்கியது. 2017 நவம்பரில் ஃபயர்பாக்ஸ் 57 வந்தபோது பழைய ஆட்ஆன்கள் (ஃபயர்பாக்ஸில் எக்ஸ்டென்ஷன்களுக்கு வழங்கும் பெயர்) மொத்தமாகச் செயலிழந்தன.

பழைய பதிப்புக்குத் திரும்ப வேண்டாம். ஒவ்வொரு அப்டேட்டிலும் அடைக்கப்பட்ட பாதுகாப்பு ஓட்டைகளின் விவரம் பிறகு வெளியாகிவிடும். பழைய பதிப்பில் இருப்பவரின் கதவு எங்கே திறந்திருக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். அதோடு, புதிய பதிப்பு தொட்ட புரொஃபைலைப் பழைய பதிப்பு சரியாகப் படிக்காது. ஃபயர்பாக்ஸ் 2019-ல் வந்த 67-ஆம் பதிப்பிலிருந்தே அப்படிப்பட்ட புரொஃபைலைத் திறக்க மறுத்து, புதிது ஒன்றை உருவாக்கச் சொல்கிறது. அதைப் பார்த்து 'எல்லாம் போச்சே' என்று பதறுபவர்கள் உண்டு. எதுவும் போகவில்லை, பழைய புரொஃபைல் வட்டில் பத்திரமாகத்தான் இருக்கும்.

உங்களுக்கு இரண்டு வழி. குரோமிலேயே இருக்க விரும்பினால் அதே தயாரிப்பாளர் வெளியிட்ட வி3 பதிப்பு இருக்கிறதா பாருங்கள். யூபிளாக் ஆரிஜின் என்ற விளம்பரத் தடுப்பானுக்கு லைட் என்ற பதிப்பு உண்டு. பெயரை மட்டும் பார்த்து நிறுவாதீர்கள், பிரபலமான பெயரை ஒட்டிப் போலிகள் வருவது வழக்கம். பழைய வலிமையே வேண்டுமென்றால் ஃபயர்பாக்ஸுக்கு மாறுங்கள், அங்கே வழிமறிக்கும் முறை தொடர்கிறது. அடிக்கடி மாற்றம் பிடிக்காதவர்களுக்கு ஃபயர்பாக்ஸ் இஎஸ்ஆர் என்று ஒன்று உண்டு. பெரிய மாற்றங்கள் ஏறக்குறைய ஆண்டுக்கு ஒருமுறைதான் வரும், பாதுகாப்புத் திருத்தங்கள் இடையிலேயே வந்துகொண்டிருக்கும்.

கேள்வி: எல்லா எக்ஸ்டென்ஷனும் ஒரே நொடியில் அணைந்துபோனால் என்ன செய்வது? நீக்கிவிட்டு மறுபடி போட்டால் சரியாகுமா?

பதில்: நீக்காதீர்கள். ஒன்று அணைந்தால் அதில் சந்தேகப்படலாம். எல்லாம் ஒன்றாக அணைந்தால் பெரும்பாலும் கோளாறு உங்கள் பக்கம் இருக்காது. 2019 மே மாதம் ஃபயர்பாக்ஸில் இது உலகம் முழுக்க நடந்தது. ஆட்ஆன்கள் நம்பகமானவை என்று உறுதிசெய்யும் ஓர் இடைநிலைச் சான்றிதழ் காலாவதியாகிவிட்டது, அவ்வளவுதான். உடனடியாகத் திருத்தம் வந்தது. பொறுத்திருந்தவர்களுக்கு எக்ஸ்டென்ஷனோடு அமைப்புகளும் திரும்பக் கிடைத்தன. பதறி நீக்கியவர்களுக்கு அதில் சேமித்திருந்த தரவு போனது போனதுதான். நீக்க வேண்டாம் என்று ஃபயர்பாக்ஸைத் தயாரிக்கும் மோசில்லாவே அப்போது எச்சரித்தது.

கேள்வி: என்னிடம் எக்ஸ்டென்ஷனே கிடையாது. அப்டேட்டுக்குப் பிறகு எந்தத் தளத்தைத் திறந்தாலும் 'இணைப்பு பாதுகாப்பானதல்ல' என்கிறது.

பதில்: கணினியின் தேதியும் நேரமும் சரியா? அதை முதலில் பாருங்கள். அது சரி என்றால் ஆன்டிவைரஸைப் பார்க்க வேண்டும். பல ஆன்டிவைரஸ்கள் பாதுகாப்பான இணைப்புக்கு நடுவில் புகுந்து, தளம் உண்மையானதுதான் என்று காட்டும் சான்றிதழுக்குப் பதில் தங்களுடையதைக் காட்டிச் சோதனை செய்கின்றன. எச்சரிக்கைப் பக்கத்தில் சான்றிதழைத் திறந்து, வழங்கியவர் யார் என்று பாருங்கள். ஆன்டிவைரஸின் பெயர் இருந்தால் காரணம் தெரிந்துவிட்டது. அதை முதலில் அப்டேட் செய்யுங்கள். போதாவிட்டால் எச்டிடிபிஎஸ் சோதனை என்ற ஒரு வசதியை மட்டும் அணையுங்கள், ஆன்டிவைரஸ் முழுவதையும் அல்ல. அதுவரை 'பரவாயில்லை, தொடர்க' என்று எந்த வங்கித் தளத்துக்குள்ளும் போகாதீர்கள்.

இந்த மோதல் டேப்கள் கவிழ்வதாகவும் வெளிப்படலாம். 2019 அக்டோபரில் குரோம் 78, தன் டேப்களுக்குள் வெளி நிரல்கள் நுழைவதைத் தடுத்தது. ஒரு ஆன்டிவைரஸின் பழைய பதிப்பு வழக்கம்போல் நுழையப் பார்க்க, திறந்த டேப் எல்லாம் கவிழ்ந்தது. ஆன்டிவைரஸை அப்டேட் செய்ததும் அது நின்றது.

கேள்வி: அப்டேட் ஆனதிலிருந்து வீடியோவில் படம் கறுப்பாக இருக்கிறது, சத்தம் மட்டும் வருகிறது.

பதில்: அமைப்புகளில் 'கிராபிக்ஸ் ஆக்சிலரேஷன்' என்பதை அணைத்துவிட்டு பிரவுசரை ரீஸ்டார்ட் செய்யுங்கள். படம் வந்துவிட்டால், கிராபிக்ஸ் சிப்பை இயக்கும் நிரலான கிராபிக்ஸ் டிரைவர் பழசாகிவிட்டது என்று கொள்ளலாம். டிரைவரை அதன் தயாரிப்பாளரின் தளத்திலிருந்தே அப்டேட் செய்யுங்கள். அப்புறம் அந்த வசதியை மறக்காமல் ஆன் செய்யுங்கள், இல்லாவிட்டால் வீடியோ ஓடும்போதெல்லாம் பிராசஸர் சூடாகி லேப்டாப் பேட்டரி சீக்கிரம் இறங்கும்.