பழைய பிக்கப்: ஹெட்டை இறக்கும் முன் ரேடியேட்டர் மூடியைப் பாருங்கள்

கேள்வி: 2008 மாடல் டீசல் பிக்கப் வைத்திருக்கிறேன். சமவெளியில் தொந்தரவே இல்லை. லோடோடு திம்பம் மலை ஏறினால் பாதி வளைவு தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. ஹெட் கேஸ்கெட் போய்விட்டது, ஹெட்டை இறக்கி ஃபேஸிங் போட (அடிப்பரப்பைச் சீவிச் சமமாக்க) வேண்டும் என்கிறார் மெக்கானிக். செய்துவிடலாமா?

இப்போதே வேண்டாம். இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேல் உட்காரும் ஹெட்டுக்கும் நடுவில் அடைப்பாக இருப்பதுதான் கேஸ்கெட். அது லேசாகக் கசிய ஆரம்பிக்கும்போது லோடில்தான் முதலில் காட்டும், அதனால் அவர் சொல்வதை ஒரேயடியாகத் தள்ள முடியாது. ஆனால் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றாமல் அதைச் சோதித்துவிடலாம்.

காலையில் இன்ஜின் முழுக்கக் குளிர்ந்திருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, கழுத்துவரை கூலன்ட் நிரப்பி, ஸ்டார்ட் செய்யுங்கள். முதலில் நாலு குமிழி வந்து அடங்கினால் அது உள்ளே தங்கிய காற்று. குமிழி நிற்காமல் வந்து, ஆக்சிலரேட்டர் கொடுக்கக் கொடுக்க அதிகமானால் சிலிண்டர் கேஸ் தண்ணீர் வழிக்குள் வருகிறது. மூடி போட்ட நிலையில், ஸ்டார்ட் செய்த ஒன்றிரண்டு நிமிடத்திலேயே, தண்ணீர் சூடாகும் முன்பே, மேல் ஹோஸ் கல் மாதிரி விறைத்தாலும் அதே பொருள்தான். ஆயில் மூடியின் அடியில் பால் கலந்த மாதிரி வெளுப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். இவை எதுவும் இல்லையென்றால் ஹெட்டில் கை வைக்காதீர்கள்.

லோடோடு மெதுவாக ஏறும்போது மட்டும் ஹீட் ஏறுவது பெரும்பாலும் காற்று போதாததால். அந்த வேகத்தில் எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுப்பதுதான் எல்லாம். பழைய பிக்கப்புகளில் ஃபேனைச் சுற்றியுள்ள பிளாஸ்டிக் கூடு உடைந்து, எங்கோ கழற்றிப் போட்டிருப்பார்கள். வண்டி ஓடத்தான் செய்கிறதே என்று யாரும் கவனிப்பதில்லை. கூடு இல்லாவிட்டால் ஃபேன் ரேடியேட்டர் வழியாக இழுக்க வேண்டிய காற்றுக்குப் பதில் இன்ஜின் பக்கத்துச் சூட்டுக் காற்றையே சுற்றிச் சுற்றி இழுக்கும். முதலில் அந்தக் கூட்டை வாங்கி மாட்டுங்கள்.

அடுத்து பெல்ட். இரண்டு புல்லிக்கு நடுவில் கட்டை விரலால் அழுத்தினால் 10 முதல் 15 மில்லிமீட்டர் இறங்கலாம், அதற்கு மேல் என்றால் தளர்வு. விஸ்கஸ் ஃபேன் (சூடானால் இறுகிச் சுற்றும், சிலிக்கான் ஆயில் கிளட்ச் வைத்த ஃபேன்) உள்ள வண்டியானால், சூடான இன்ஜினை நிறுத்திச் சாவியை எடுத்துவிட்டு இறக்கையைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிடித்து இழுப்பதுபோல் இறுக்கம் வேண்டும். தட்டிவிட்டால் பல சுற்று லேசாகச் சுழல்கிறது என்றால் உள்ளே சிலிக்கான் ஆயில் போய்விட்டது.

ரேடியேட்டர் தகடுகளுக்கு நடுவே வைக்கோல் தூசு, பூச்சி, சேறு அடைத்திருக்கும். இன்ஜின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, சாதாரண ஹோஸ் பைப்பில் கழுவுங்கள். வாட்டர் சர்வீஸ் கன்னை நெருக்கிப் பிடித்தால் தகடு மடங்கி, இருந்த வழியும் போகும்.

மூடி சின்ன சாமான், ஆனால் இதனால் வீணாக இறக்கிய ஹெட்டுகள் உண்டு. அதன் மேல் 0.9 அல்லது 1.1 என்று எண் இருக்கும், பார் கணக்கில் அழுத்தம். அந்த அழுத்தம் நின்றால்தான் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கும். ரப்பர் சீல் வெடித்திருந்தால் மலையில் கொதித்து வெளியே தள்ளும். இன்ஜின் ஆறிய பிறகும் ரிசர்வ் டப்பாவில் ஏறிய கூலன்ட் திரும்ப உள்ளே போகவில்லை, அல்லது மேல் ஹோஸ் சப்பிக் கிடக்கிறது என்றால் மூடியை மாற்றுங்கள். அதே எண்ணில் வாங்குங்கள். கூடுதல் அழுத்த மூடி போட்டால் பழைய ஹோஸும் ரேடியேட்டர் தையலும்தான் பிளக்கும். சூட்டில் மூடியைத் திறக்கவே கூடாது.

சமவெளியில் வேகமாக ஓடும்போதும் ஹீட் ஏற ஆரம்பித்தால் கதை வேறு: ரேடியேட்டரின் கோர் குழாய்களில் அடைப்பு, அல்லது கீழ் ஹோஸ் உறிஞ்சலில் சப்பிக்கொள்கிறது, அல்லது வாட்டர் பம்ப். பம்ப் உடம்பில் அடிப்பக்கம் ஒரு சிறு துளை இருக்கும். அதிலிருந்து கூலன்ட் சொட்டினால் சீல் போய்விட்டது. எம்-சீல் வைத்து அந்தத் துளையை அடைக்கிறார்கள், அதைச் செய்யவே செய்யாதீர்கள். தண்ணீர் பேரிங்குக்குள் போய், பேரிங் உடைந்தால் ஃபேன் ரேடியேட்டரையும் கிழித்துவிடும்.

கேள்வி: இதுவரை போர் தண்ணீர்தான் ஊற்றுகிறோம். கூலன்ட் வாங்கப் போனால் பச்சை, பிங்க், ரெடிமிக்ஸ், கான்சன்ட்ரேட் என்கிறார்கள். எதை வாங்குவது?

போர் தண்ணீரின் உப்பு, குடத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேபோல் சிலிண்டர் சுவரைச் சுற்றியும் படியும். அதன் வழியே சூடு வெளியே வராது. அதனால்தான் முதலில் ஃப்ளஷ் செய்ய வேண்டும். தெர்மோஸ்டாட்டை (சூட்டுக்கேற்பத் திறந்து மூடும் வால்வு) கழற்றிவிட்டு, தண்ணீர் தெளிவாக வரும்வரை எதிர்த்திசையில் ஓடவிடுங்கள். ரேடியேட்டர் டிரெயினோடு பிளாக்கில் உள்ள டிரெயின் பிளக்கையும் திறக்கச் சொல்லுங்கள். பலர் அதை விட்டுவிடுவார்கள், துரு முழுக்க அங்கேதான் தங்கும். முடிந்ததும் தெர்மோஸ்டாட்டைத் திரும்ப மாட்டிவிடுங்கள்.

முதல் முறைக்கு கான்சன்ட்ரேட் (தண்ணீர் கலக்காதது) வாங்குங்கள். எவ்வளவு வடித்தாலும் பிளாக்கில் கொஞ்சம் தண்ணீர் நிற்கும். அதன் மேல் ஏற்கெனவே தண்ணீர் கலந்த ரெடிமிக்ஸ் ஊற்றினால் நீர்த்துவிடும். மேனுவலில் மொத்தக் கொள்ளளவு 8 லிட்டர் என்றால் முதலில் 4 லிட்டர் கான்சன்ட்ரேட், பிறகு நிரம்பும்வரை டிஸ்டில்டு வாட்டர். தெர்மோஸ்டாட் திறந்து காற்று வெளியேறியதும் மட்டம் இறங்கும், அப்போது டாப்-அப். ரெடிமிக்ஸ் அடுத்தடுத்த டாப்-அப்புக்குச் சரி, அதில் தண்ணீர் சேர்க்காதீர்கள்.

நிறத்தை நம்பி வாங்காதீர்கள், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும். கேனில் ஐ.எஸ். 5759 அல்லது ஜே.ஐ.எஸ். கே 2234 என்ற தர எண் இருக்கிறதா பாருங்கள், அதிலும் உங்கள் மேனுவல் சொல்லும் வகையா என்று பாருங்கள். இரண்டு வகையைக் கலந்தால் கூழாகக் கட்டலாம். வெறும் கலர் தண்ணீரைக் கூலன்ட் என்று விற்பதும் நடக்கிறது. வடித்த கூலன்டைத் திறந்து வைக்காதீர்கள். எத்திலீன் கிளைக்கால் விஷம், ஆனால் இனிக்கும். குழந்தையும் நாயும் வாய் வைத்துவிடும்.

கேள்வி: தெர்மோஸ்டாட்டை எடுத்துவிட்டால் ஹீட் ஆகாது என்கிறார்களே?

தவறு. பல இன்ஜின்களில் தெர்மோஸ்டாட் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும். எடுத்துவிட்டால் சூட்டுத் தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்குப் போகாமலே திரும்பும், மலையில் ஹீட் கூடத்தான் செய்யும். மற்ற நேரம் இன்ஜின் குளிர்ந்தே ஓடி மைலேஜ் குறையும், டீசல் பீய்ச்சும் நாசிலில் கரி பிடிக்கும். சந்தேகம் என்றால் நூலில் கட்டிப் பாத்திரத் தண்ணீரில் தொங்கவிட்டுச் சூடாக்குங்கள். 82 என்று பொறித்திருந்தால் அந்த டிகிரி வாக்கில் திறக்க ஆரம்பிக்க வேண்டும்.

கேள்வி: காலையில் ஹேண்ட் பிரைமரை (டீசலைக் கையால் ஏற்றும் சிறு பம்ப்) பலமுறை அடித்தால்தான் வண்டி ஸ்டார்ட் ஆகிறது. எங்கும் டீசல் ஒழுகவில்லை. டீசல் பம்ப்பில் வேலை என்கிறார்கள்.

ஒழுகாததுதான் அடையாளம். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரை உள்ள பைப்பில் டீசல் உறிஞ்சப்படுகிறது. அங்கே ஓட்டை இருந்தால் டீசல் வெளியே வராது, காற்று உள்ளே போகும். ராத்திரி டீசல் மெல்ல டேங்குக்கே இறங்கிவிடும். வண்டி ஏர் எடுக்கிறது.

ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவே கண்ணாடி மாதிரி உள்ளே தெரியும் ஹோஸ் ஒரு அடி மாட்டி, ஓடும்போது குமிழி வருகிறதா பாருங்கள். வந்தால், டேங்க் பைப்பைக் கழற்றி, சுத்தமான கேனில் டீசல் வைத்து அதிலிருந்து உறிஞ்சவிடுங்கள். குமிழி நின்றால் குற்றம் டேங்கிலிருந்து வரும் பைப்பில். நிற்காவிட்டால் பிரைமர் வால்வு, ஃபில்டர் சீல், பேன்ஜோ போல்ட்டின் (பைப்பை இணைக்கும், நடுவில் துளையுள்ள போல்ட்) செம்பு வாஷர். வாஷரைக் கழற்றும்தோறும் புதிதாகப் போடுங்கள், பத்து இருபது ரூபாய்ச் சமாச்சாரம். ரப்பர் ஹோஸில் கட்டுக்கம்பி வேண்டாம், கிளாம்ப் போடுங்கள்.

உள்ளே போன காற்றை வெளியேற்ற: ஃபில்டர் மேல் உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, குமிழியில்லாத டீசல் வரும்வரை பிரைமரை அடித்து, டீசல் வழியும்போதே இறுக்குங்கள். பிறகு பம்ப் ஸ்க்ரூ. கடைசியாக இரண்டு நாசில் பைப் நட்டை அரைச் சுற்று தளர்த்தி, செல்ஃப் அடித்து, டீசல் வந்ததும் இறுக்குங்கள். இது மெக்கானிக்கல் பம்ப் வண்டிக்கு மட்டும். எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டில் ஓடும் காமன் ரெயில் வண்டியில் அந்த நட்டைத் தொடாதீர்கள். 1000 பாருக்கு மேல் அழுத்தம், பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போகும்.

வாரம் ஒருமுறை, வண்டியை எடுக்கும் முன், ஃபில்டர் அடி ஸ்க்ரூவைத் திறந்து கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். தண்ணீர் இருந்தால் அடியில் தனியாக நிற்கும். தொடர்ந்து வந்தால் டேங்கை இறக்கிக் கழுவ வேண்டும். டேங்கைப் பாதிக்கு மேல் வைத்து ராத்திரி நிறுத்தினால் உள்ளே வியர்ப்பது குறையும். இவ்வளவும் பார்த்த பிறகுதான் பம்ப்.

கேள்வி: கம்பெனி ஃபில்டர் என்று வாங்கினேன், போலி என்று தெரிகிறது. வாடகைக்கு ஓட்டும் வண்டிக்கு நுகர்வோர் புகார் செல்லாது என்கிறார் கடைக்காரர்.

வியாபாரத்துக்கு வாங்கியவர் நுகர்வோர் ஆகமாட்டார் என்பது பொது விதி. ஆனால் சுயதொழிலாகப் பிழைப்புக்கு மட்டும் பயன்படுத்துபவர் நுகர்வோர்தான் என்று 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமே சொல்கிறது. சொந்த வண்டியைத் தானே ஓட்டிப் பிழைப்பவர் அதில் வருவார். பத்து வண்டி வைத்து ஆள் போட்டு ஓட்டுபவருக்கு அது கடினம்.

பில், அட்டைப்பெட்டி, கழற்றிய ஃபில்டர் மூன்றையும் வைத்திருங்கள். முதலில் கடைக்கு எழுத்தில் கொடுங்கள், பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்கு அழையுங்கள். தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம், 2 ஆண்டுக்குள். கொடுத்த விலை 5 லட்சம்வரை கட்டணம் இல்லை. பில்லில் வெறும் "ஃபில்டர் 1" என்று எழுதியிருந்தால் வழக்கு நிற்பது சிரமம். அடுத்த முறை பார்ட் நம்பரோடு பில் கேளுங்கள், தர மறுத்தால் வேறு கடையில் வாங்குங்கள்.