பலகையில் மின்னல் கோலம்: ரப்பர் கையுறை போதுமா?

கேள்வி: தச்சு வேலை எனக்குப் பழக்கம். பழைய மைக்ரோவேவ் அடுப்பின் டிரான்ஸ்ஃபார்மரைக் கழற்றி, மாமரப் பலகையில் மின்னல் போலக் கிளை கிளையாகக் கருகும் கோலத்தைப் போட ஆசை. ரப்பர் கையுறையும் செருப்பும் போட்டுக்கொள்வேன். வீட்டில் மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இருக்கிறது. இது போதுமா?

பதில்: போதாது. இதோடு வேறு எதைச் சேர்த்தாலும் போதாது. தயவுசெய்து இந்த வேலையில் இறங்காதீர்கள்.

முதலில் ஆர்.சி.சி.பி.யைச் சொல்லிவிடுகிறேன், பலரும் அதை நம்பித்தான் துணிகிறார்கள். ஃபேஸில் போகிற மின்சாரம் நியூட்ரலில் அப்படியே திரும்புகிறதா என்று மட்டும்தான் அது பார்க்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் துண்டித்துவிடும். ஆனால் டிரான்ஸ்ஃபார்மரின் இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது, காந்தப்புலம் மட்டும்தான். இரண்டாவது சுருளின் மின்சாரம் உங்கள் உடம்பு வழியாகப் பாய்ந்தாலும் அது திரும்பிப் போய்ச் சேர்வது அதே சுருளுக்குத்தான். வீட்டு லைனில் கணக்கு சரியாகவே இருக்கும். நீங்கள் துடித்துக்கொண்டிருப்பீர்கள், ஆர்.சி.சி.பி. சும்மா இருக்கும்.

அந்தச் சுருளில் வருவது சுமார் 2000 வோல்ட். இதயத் துடிப்பு தாறுமாறாவதற்கு 100 மில்லி ஆம்பியர் அளவே போதும், இது அதைப்போலப் பல மடங்கு தரும். கடையில் வாங்கும் சாதாரண ரப்பர் கையுறை இந்த அழுத்தத்துக்குச் சோதித்துத் தயாரானது இல்லை. வியர்வையும் ஊசிமுனை அளவு ஓட்டையும் போதும், அதன் வேலை முடிந்தது.

இன்னொன்றும் உண்டு. பலகையில் உப்புக் கரைசல் பூசினால்தான் மின்சாரம் ஓடும். ஓடும் இடம் சூடாகிக் கருகும், கரி மின்சாரத்தைக் கடத்தும், அதன் நுனியிலிருந்து அடுத்த கிளை பிரியும். கோலம் அப்படித்தான் வளர்கிறது. நடுவில் ஒரு பக்கம் வளராமல் நின்றுபோகும். பலகையில் மின்கம்பியை மாட்டியிருக்கும் கிளிப்பைக் கொஞ்சம் நகர்த்தலாமே என்று கை தானாக நீளும். ரம்பம் சுற்றினால் சத்தம் கேட்கும், இதில் மின்சாரம் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. கைப்பழக்கம் உள்ளவர்களுக்கே இந்த ஆபத்து அதிகம் என்பேன்.

அமெரிக்காவில் இதைச் செய்து 30 பேருக்கு மேல் இறந்திருக்கிறார்கள். அங்குள்ள மரக் கடைசல்காரர்களின் தேசியச் சங்கம் தன் நிகழ்ச்சிகளில் இதை அடியோடு தடை செய்துவிட்டது. அடுப்பைத் திறப்பதும் ஆபத்துதான். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்சாரம் தங்கியிருக்கலாம். முழு அடுப்பையும் அப்படியே மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுத்துவிடுங்கள்.

சரி, கோலத்துக்கு என்ன வழி? இந்த உருவத்தை 1777-இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் லிக்டன்பெர்க் என்ற இயற்பியலாளர் கண்டது பிசின் தட்டில் படிந்த தூசியில்தான். அவர் எந்த மரத்தையும் எரிக்கவில்லை. நீங்களும் அதைக் கையால் வரையலாம். மரத்தில் சூடு வைத்து வரையும் பேனாவை வாங்குங்கள். கம்பி முனை உள்ள வகையில் முனைக்கு வருவது சில வோல்ட்தான், விரலில் பட்டால் சுடும், அவ்வளவே.

வரையும்போது பலகையின் இரண்டு ஓரங்களிலிருந்தும் தொடங்கி நடுவில் சந்திக்க விடுங்கள். அடி தடிமனாக, நுனி மயிரிழையாக இருக்கட்டும். கிளைகள் ஒன்றையொன்று குறுக்கே வெட்டக் கூடாது, வெட்டினால் மின்னல் போய் வலை மாதிரி ஆகிவிடும். அடிக்கோடுகளை மட்டும் இரண்டு மூன்று முறை ஓட்டி ஆழப்படுத்துங்கள். அப்புறம் அவற்றின் ஓரத்தில் தட்டை முனையால் லேசாகப் பழுப்பேற்றினால் நிஜமாகவே எரிந்தது போல இருக்கும்.

பெரிய பலகை என்றால் ஈயம் பூசுகிறவர்கள் வைத்திருக்கும் நவச்சாரம் கைகொடுக்கும். அதைத் தண்ணீரில் கரைத்துத் தூரிகையால் வரைந்து, காயவிட்டு, சூடான காற்றை ஊதும் ஹீட் கன்னால் சூடு காட்டினால் வரைந்த இடம் மட்டும் கறுக்கும். புகை நெடியாக இருக்கும், திறந்த வெளியில் செய்யுங்கள். மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப். பலகையில் மட்டும் எந்த முறையும் வேண்டாம், அதன் பசை எரிந்தால் வரும் புகை நெஞ்சுக்கு ஆகாது.

மாமரத்தில் வெளிர் நிறமும் கறுப்பு ரேகைகளும் கலந்திருக்கும். வெளிர் பகுதியில் கோலம் எடுப்பாகத் தெரியும். முதலில் அதே மரத்தின் வெட்டுத் துண்டு ஒன்றில் பேனாவின் சூட்டைச் சோதித்துக்கொள்ளுங்கள்.