டாவி முடிந்ததும் பேஸ்மேக்கர் வேண்டும் என்கிறார்களே, சிகிச்சை தவறிவிட்டதா?

அம்மாவுக்கு டாவி முறையில், அதாவது நெஞ்சைத் திறக்காமல் தொடை இரத்தக்குழாய் வழியாக, இதயத்தின் பெருந்தமனி வால்வை மாற்றியிருக்கிறார்கள், இரண்டாம் நாளே பேஸ்மேக்கர் பேச்சு வந்துவிட்டது, எங்கே தவறு நடந்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

தவறு நடந்துதான் இப்படி ஆக வேண்டும் என்பதில்லை. என் அப்பாவுக்கும் 78 வயதில் இதேதான் நடந்தது. ஐசியூ வாசலில் டாக்டர் சொன்னபோது எனக்குக் கோபம்தான் வந்தது. அப்புறம் அவர் ஒரு தாளில் படம் வரைந்து காட்டினார்.

மேலறையில் பிறக்கும் மின்துடிப்பைக் கீழறைக்குக் கொண்டுபோகும் மெல்லிய தசை இழை, அந்த வால்வுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. டாவியில் பழைய வால்வை வெட்டி எடுப்பதில்லை. புது வால்வின் உலோகச் சட்டம் அதை ஓரமாகத் தள்ளி, அங்கேயே அழுத்தி நிற்கும். அந்த அழுத்தத்தில் இழை நசுங்கினால் துடிப்பு கீழே இறங்காது. இதைத்தான் ஹார்ட் பிளாக் என்கிறார்கள். வெறும் வீக்கமாக இருந்தால் வடிந்து சரியாகலாம். அதற்காகத்தான் இதயத்தைத் துடிக்க வைக்கும் தற்காலிக வயரோடு ஓரிரு நாள் பார்ப்பார்கள்.

இது அபூர்வமும் இல்லை. அறுவை சிகிச்சைக்கே ஆபத்து குறைவாக இருந்தவர்களிடம் நடத்தி 2019ல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளில், பலூனால் விரியும் வால்வு வைத்த 100 பேரில் ஆறேழு பேருக்கும், தானே விரியும் வால்வு வைத்த 100 பேரில் சுமார் 17 பேருக்கும் முதல் 30 நாளுக்குள் பேஸ்மேக்கர் தேவைப்பட்டது. அந்த இழை கீழே வலது, இடது என இரண்டு பாதையாகப் பிரிகிறது. ஏற்கெனவே ஈசிஜியில் ரைட் பண்டில் பிராஞ்ச் பிளாக், அதாவது வலது பாதையில் அடைப்பு, இருந்தால் வாய்ப்பு இன்னும் கூடும். வலது பாதை முன்பே அடைந்திருக்க, வால்வை ஒட்டி இறங்கும் இடது பாதையும் அடிபட்டால் துடிப்பு இறங்க வேறு வழியே இல்லை. அப்பாவுக்கு அதுதான் ஆனது.

முந்தைய ஈசிஜியையும் இன்றைய ஈசிஜியையும் பக்கத்தில் வைத்து விளக்கச் சொல்லுங்கள். பிளாக் முழுமையானதா, விட்டுவிட்டு வருகிறதா, வயரை நிறுத்தினால் சொந்தத் துடிப்பு எவ்வளவு என்று கேளுங்கள். கேட்க உங்களுக்கு உரிமை உண்டு, தயங்காதீர்கள்.

ஒருவேளை இப்போது வேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பினால்தான் அதிகக் கவனம் தேவை. பிளாக் சில நாள் கழித்தும் வரலாம். தலைசுற்றல், கண் இருட்டல், மயக்கம், நாடி மிகக் குறைவது, இதில் எது வந்தாலும் காலை வரை காத்திருக்காமல் உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப் போங்கள். முதல் சில வாரம் அம்மாவைத் தனியாக விடாதீர்கள், குளியலறைக் கதவையும் உள்ளே தாழ் போட வேண்டாம் என்று சொல்லி வையுங்கள்.